விரலில் ஒட்டும் பொடி

மலைகளுக்கு இன்னும் நிறம் பூசி முடிக்காத காலம் அது. பூச்சியும் ஓணானும் பேசின. மனிதர்களும் நின்று பதில் சொன்னார்கள். மேற்கு மலையின் அடிவாரத்தில் மாயக்கா என்று ஒருத்தி இருந்தாள். காடு, மேடு, வானம் எல்லாவற்றுக்கும் நிறம் கொடுப்பது அவள் வேலை. பலகையில் அவள் எதைத் தீட்டுகிறாளோ, மறுநாள் வெளியே அது அப்படியே இருக்கும். அவள் தூரிகையைத் தொட்டதில்லை. மண்ணையும் பூவையும் இடித்து உருட்டிய வண்ணக்கட்டிகள்தான் வைத்திருந்தாள். இப்போது பாஸ்டல் என்கிறார்களே, அதே ஜாதி. கட்டியால் இழுத்து, விரலால் தேய்த்துவிடுவாள்.

கட்டிகளை அடுக்கி வைப்பது ஒரு பூச்சியின் பொறுப்பு. சிறகெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். அத்தனை சின்ன உடம்பு எப்படிக் கட்டியைத் தூக்கியது என்று கேட்காதீர்கள். தூக்கியது, அவ்வளவுதான். சாயங்காலமானால் ஒவ்வொரு கட்டியையும் தவிட்டில் புரட்டி அழுக்கைப் போக்கி, வெளிறியதில் தொடங்கி அடர்ந்தது வரை பெட்டியில் வரிசையாக வைக்கும். வெளிறிய மஞ்சளுக்குப் பக்கத்தில் வெளிறிய நீலம் இருக்கலாம். அடர் நீலம் இருக்கக் கூடாது. அப்படி அடுக்கினால்தான் கை தவறாது, தூரத்து மலை தூரத்தில் நிற்கும் என்பாள் மாயக்கா. அந்தப் பெட்டியின் மூலையில்தான் பூச்சி குடியிருந்தது. அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

ஒரு நாள் காலை வானத்துக்காக மஞ்சளை இழுத்தாள். மஞ்சளோடு ஒரு சாம்பல் கோடும் சேர்ந்து வந்தது. மறுநாள் வானம் அடிபட்ட கன்னம் மாதிரி விடிந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே.

வேலியில் இருந்த ஓணான் மெல்ல இறங்கி வந்தது. "நான் ஒண்ணும் சொல்லலக்கா," என்றது. ஒன்றும் சொல்லாதவர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "நீங்க சாப்பிடப் போறப்ப பெட்டிகிட்ட யார் இருக்கான்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க."

பூச்சிதான் திருட்டுத்தனமாகக் கட்டிகளைக் கலக்கிறதோ என்று மாயக்காவுக்குச் சுருக்கென்றது. அன்று சாப்பிடப் போகும்போது, பூச்சி வெளியே இருக்கும்போதே பெட்டியை மூடி, தன் தலைமுடி ஒன்றை மூடியின் குறுக்கே ஒட்டிவிட்டுப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் முடி வைத்தபடியே இருந்தது. வேறொருத்தியாக இருந்தால் நிம்மதியாகப் போயிருப்பாள். மாயக்காவோ, 'முடி இருக்கறது தெரிஞ்சுதான் தொடல. என்ன சாமர்த்தியம்!' என்று நினைத்தாள்.

"எங்கே, காலைக் காட்டு," என்றாள் பூச்சியிடம்.

பூச்சி ஆறு காலையும் நீட்டியது. தவிடுதான் ஒட்டியிருந்தது.

"எதுக்குக்கா?"

"சும்மாதான்."

பூச்சி தன் வேலையில்தான் ஏதோ குறை என்று பயந்து, அன்றைக்குக் கட்டிகளை இரண்டு முறை தவிட்டில் புரட்டியது. அதையும் மாயக்கா பார்த்தாள். 'தடயத்தை அழிக்குது,' என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு கண்ணைப் பலகையிலும் ஒரு கண்ணைப் பூச்சி மேலும் வைத்துத்தான் தீட்டினாள். முன்பெல்லாம் கட்டி மாற்றும்போது முந்தானையில் விரலைத் துடைத்துக்கொள்வாள், எப்போதாவதுதான் மறப்பாள். இப்போது துடைக்கிற நினைப்பே அற்றுப்போனது. சாம்பல் பூசிய விரல் மஞ்சளை எடுத்தது, மஞ்சள் பூசிய விரல் செம்மண் கட்டியை எடுத்தது. வயல்கள்கூட அழுக்காக விளைந்தன. சந்தேகம் இன்னும் கெட்டியானது.

பூச்சிதான் முதலில் அதைக் கவனித்தது. மாயக்கா நீலத்தைத் தேய்த்துவிட்டு வெள்ளைக் கட்டியை எடுக்கப் போனாள். பூச்சி பதறிப் பறந்துவந்து அந்தக் கட்டியின் மேல் உட்கார்ந்தது.

"அக்கா, உங்க விரல்..."

சொல்லி முடிக்கவிடவில்லை. இரண்டு விரலால் சிறகோடு சேர்த்து லபக்கென்று பிடித்தாள்.

"மாட்டினியா! ஓணானே, இங்க வா, நீயும் பாரு!"

பிடியைத் தளர்த்தினாள். வெள்ளைச் சிறகில் நீலம், மஞ்சள், செம்மண் எல்லாம் அப்பியிருந்தன.

"பார்த்தியா, திருட்டுப் பொடி! இனி நீ இந்தப் பெட்டிப் பக்கமே வரக் கூடாது. போ வெளிய!"

பூச்சிக்கு அழுகை முட்டியது. ஆனாலும் சிறகை நன்றாக விரித்துக் காட்டியது.

"போறேன்க்கா. அதுக்கு முன்னாடி, இதுல இருக்கற ரேகை யாருதுன்னு பாருங்க."

ஓணான் எட்டிப் பார்த்தது. சிறகில் சுழி சுழியாகக் கட்டைவிரல் ரேகை, மறுபக்கம் ஆள்காட்டி விரல் ரேகை. மாயக்காவின் கையைப் பார்த்தது. பிறகு தலையை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, மெதுவாக வேலிக்கே நழுவியது.

மாயக்கா தன் விரல்களைப் பார்த்தாள். முகம் வெளுத்துப் போனது. ஓடிப்போய் ஈரத்துணி எடுத்துவந்தாள். "வாடா கண்ணு, துடைச்சு விடறேன். தெரியாம பண்ணிட்டேன்."

"வேண்டாம்க்கா," என்றது பூச்சி. அதற்குக் கோபம் வந்து நான் கேட்டதில்லை, அன்றுதான் வந்தது. "நீங்க துடைச்சா நாளைக்கு மறுபடி என் மேலதான் பழி வரும். இந்தப் பொடி எங்கிட்டயே இருக்கட்டும், ஆனா சிறகுல கெட்டியா ஒட்டாம இருக்கட்டும். இனிமே என்னைப் பிடிக்கறவங்க கையில அது ஏறட்டும். குத்தம் யார் பண்ணாங்கன்னு அவங்களே பார்த்துக்கட்டும்."

சொல்லிவிட்டுப் பறந்தது. ஒரு பூவில் உட்கார்ந்தது, அங்கும் நம்பிக்கை வராமல் அடுத்த பூவுக்குப் போனது. மாயக்கா ஈரத்துணியோடு நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

வண்ணத்துப்பூச்சியைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்ட பிறகும், நம் விரலில் அந்தப் பொடி ஒட்டிக்கொண்டிருப்பது அன்றிலிருந்துதான்.