கீரி வைத்தியர் கேட்ட கேள்வி

புங்கமரக் காட்டில் கருவிழி என்று ஒரு பெண்மான் இருந்தது. அதற்கு ஒரே குட்டி. ஒருநாள் காலையில் அந்தக் குட்டி எழுந்திருக்கவில்லை. வயிற்றால் நிற்காமல் போனது; கண் சொருகியது. பெற்றவளுக்குக் கை கால் ஓடவில்லை. உடனே கீரி வைத்தியருக்குச் சொல்லி அனுப்பியது.

இந்தக் கீரி பாம்புக்கே பயப்படாது. ஆனால் அந்தக் காட்டு நோயாளிகள் என்றால் அதற்கும் கொஞ்சம் உதறல்தான். ஏனென்றால் அங்கே ஒரு வழக்கம். வைத்தியர் வந்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். காலை மட்டும் நீட்டுவார்கள். நாடியைப் பிடித்து நீயே சொல்லேன் பார்ப்போம் என்பதுபோல ஒரு பார்வை வேறு!

எல்லாம் அங்கிருந்த ஒரு மந்தி செய்த வேலை. சாயங்காலமானால் கிளையில் உட்கார்ந்துகொண்டு, எந்தக் காலத்திலோ இருந்த ஒரு கரடி வைத்தியரின் கதையை அளக்கும். நாடியைத் தொட்டதுமே முந்தாநாள் தின்ற பழத்தையும், அது பழுத்த மரத்தையும் அந்தக் கரடி சொல்லிவிடுமாம். அப்படி ஒரு கரடியை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கேட்கச் சுகமாக இருந்ததால் நம்பிவிட்டார்கள்.

கீரி வந்து நாடி பார்த்தது, நாக்கைப் பார்த்தது. பிறகு, குட்டி நேற்று எங்கே மேய்ந்தது, என்ன தின்றது என்று கேட்டது.

கருவிழி பேசவில்லை. கரடியாக இருந்தால் இதையெல்லாம் கேட்டிருக்காது என்று பின்னாலிருந்த கலைமான் முணுமுணுத்தது.

தாய் பேசாததற்கு வழக்கம் மட்டும் காரணமில்லை, பாவம். முந்தின நாள் அது குட்டியைக் காட்டோரக் கோயில் பக்கம் கூட்டிப்போயிருந்தது. அங்கே நாய்கள் திரியும். யாரும் போகக்கூடாது என்பது மந்தையின் கட்டுப்பாடு. பச்சைப்புல் ஆசையில் போனது. குட்டியோ புல்லோடு நிற்காமல், வேலியில் பூத்திருந்த அரளியையும் கடித்துவிட்டது. இதை வெளியே சொன்னால், நீயெல்லாம் ஒரு தாயா என்று மந்தை காறித் துப்பாதா?

கீரி இரண்டு பச்சிலைகளை எடுத்து வைத்தது.

"அம்மா, வெறும் செரியாமை என்றால் இந்த இலை. வயிற்றுப்போக்கை நிறுத்தும். விஷம் உள்ளே போயிருந்தால் நிறுத்தவே கூடாது. அது வெளியே வந்தாகணும். அதற்கு அந்த இலை. மாற்றிக் கொடுத்தால் குட்டி பிழைக்காது. நாடி இதைச் சொல்லாது. நீங்கள்தான் சொல்லணும்."

கருவிழி குனிந்து குட்டியின் நெற்றியை நக்கிக்கொண்டே இருந்தது. குட்டிக்கு மூச்சு இளைத்தது. புதுமழைப் புல் தின்று வயிறு கெட்ட பிள்ளைகளை அந்த வாரம் நிறையப் பார்த்திருந்த கீரி, இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்று முதல் இலையைக் கசக்கிக் குட்டியின் வாயருகே கொண்டுபோனது.

"வேண்டாம்!" என்று கருவிழி குறுக்கே பாய்ந்தது. "அரளி தின்றுவிட்டான். கோயில் பக்கம் நான்தான் கூட்டிப்போனேன்."

கலைமான் கொம்பை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்தது. கீரி திரும்பிப் பார்த்தது. "திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தண்ணீர் வேணும்." கலைமான் வாயை மூடிக்கொண்டு, கிளையிலிருந்து வேடிக்கை பார்த்த மந்தியைத் தண்ணீருக்கு விரட்டியது.

பொழுது சாயும்வரை கீரி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. இரண்டாவது இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியது. கடைசியில் குட்டி தலையைத் தூக்கி மடியைத் தேடியது. கருவிழிக்கு அழுகை நிற்கவில்லை. ஒரு வார்த்தைகூட நீங்கள் என்னைத் திட்டவில்லையே என்று கீரியிடம் கேட்டது.

"திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டீர்களே, அம்மா" என்றது கீரி.

சில நாள் கழித்து மந்தி பழையபடி கரடிக் கதையை எடுத்தது. நாடியைத் தொட்டதுமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாம் என்று அது இழுத்தபோது, மான்குட்டி எழுந்து கேட்டது:

"அந்தக் கரடிகிட்டப் போன குட்டிக்கெல்லாம், சொல்றதுக்கு அம்மா இல்லையா?"

வைத்தியரிடம் வெட்கப்பட்டு மறைக்கும் ஒரு விஷயம் நம் அன்புக்குரியவரின் உயிரையே வாங்கிவிடலாம். அவர் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும்.