‘மூச்சு இருக்கு’ என்ற நீர்க்காகம்

தூத்துக்குடிக்கு எதிரே, ஆள் இல்லாத ஒரு தீவை ஒட்டிய கடலில் ஓர் ஆமையும், ஓர் ஆவுளியாவும், ஒரு நீர்க்காகமும் நண்பர்களாக இருந்தன. ஆவுளியா என்றால் கடற்புல் மேய்கிற கடற்பசு. உடம்பு பெரிது, சுபாவம் சாது. ஆமைதான் மூன்றிலும் மூத்தது. அதனால் மற்ற இரண்டும் அதை அண்ணாச்சி என்று கூப்பிட்டன. ஆவுளியாவை நீர்க்காகம் அக்கா என்றும், ஆமை பாசிமணி என்றும் கூப்பிட்டன.

வாரத்தில் ஆறு நாள் அந்தக் கடலில் நிம்மதி கிடையாது. எங்கே பார்த்தாலும் வலை, படகு, இன்ஜின் சத்தம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீனவர்கள் மாதா கோயிலுக்குப் போய்விடுவார்கள். படகுகள் மணலில் ஏறிக் கிடக்கும். அன்றைக்குத்தான் மூன்று நண்பர்களும் பவளப்பாறைக்கு இறங்கி வேடிக்கை பார்க்கப் போகும்.

மூன்றுக்குமே செவுள் கிடையாது. மேலே வந்துதான் மூச்சு வாங்க வேண்டும். ஆகவே ஒரு வழக்கம் வைத்திருந்தன. இறங்கும் முன் ஆமை, “மூச்சு?” என்று கேட்கும். மற்ற இரண்டும், “இருக்கு!” என்று பதில் சொல்ல வேண்டும். கீழே போனபின் யாருக்காவது மூச்சு குறைந்தால் ஆமையின் முதுகில் ஒரு தட்டு. உடனே மூன்றும் சேர்ந்து மேலே வந்துவிட வேண்டும்.

நல்ல வழக்கம்தான். ஆனால் தட்டுவது எப்போதும் நீர்க்காகமாகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண் கடற்குதிரை ஒன்று வயிற்றுப் பையைத் திறந்து குஞ்சுகளை வெளியே விட ஆரம்பித்தது. முதல் குஞ்சு எட்டிப் பார்த்தது. ‘டொக்!’ மூன்றும் மேலே போயின. அடுத்த வாரம் ஒரு பேய்க்கணவாய் தன் எட்டுக் கைகளையும் சுருட்டிக்கொண்டு கல்லின் நிறத்துக்கு மாறத் தொடங்கியது. பாதி உடம்பு மாறுவதற்குள், ‘டொக்!’

மூன்றாவது வாரம்தான் மோசம். பாறையில் ஒரு குகை. அதன் வாசலில் குட்டி நீல மீன் ஒன்று கடை போட்டிருந்தது. பெரிய மீன்களின் வாய்க்குள் புகுந்து பல்லிடுக்கைச் சுத்தம் செய்வது அதன் தொழில். அன்று வந்தது ஆள் உயரக் களவா மீன். களவா வாயைப் பிளந்தது. நீல மீன் தலையை உள்ளே விட்டது.

‘டொக்!’

மூன்றும் மூச்சு வாங்கித் திரும்பி வந்தபோது களவா போய்விட்டது. ஆமைக்கு ஒரே எரிச்சல்.

“ஏலே கொக்கிமூக்கா! உனக்கு உள்ள இருக்கது நுரையீரலா, புளியங்கொட்டையா? உங்கூட வந்தா எல்லாத்தையும் இடைவேளை வரைக்கும்தான் பாக்க முடியும் போல!”

ஆவுளியா உடம்பு முழுக்கக் குலுங்கிச் சிரித்தது. நீர்க்காகமும் கூடவே சிரித்து வைத்தது. ஆனால் அதற்குச் சுருக்கென்று இருந்தது.

வாரம் முழுக்க அதற்கு இரை சரியாக இறங்கவில்லை. ‘இனிமே நீ கரையிலேயே இரு’ என்று அண்ணாச்சி சொல்லிவிட்டால்? மற்ற நீர்க்காகங்களுக்கு மீனை விட்டால் வேறு பேச்சு கிடையாது. இந்த இரண்டையும் விட்டால் அதற்கு யார் இருக்கிறார்கள்? தண்ணீருக்குள் தலையை விட்டு மூச்சடக்கிப் பழகிப் பார்த்தது. வழியில் போன பேத்தை மீனிடம்கூடக் கேட்டுப் பார்த்தது.

“பேத்தையண்ணே! வயித்தை இம்புட்டு ஊதுதியே, எனக்கும் சொல்லிக் குடேன்!”

“நான் ஊதுறது தண்ணியை! நீ இம்புட்டுத் தண்ணி குடிச்சா செத்துப்போவ! போ, போ!”

கடைசியில் நீர்க்காகம் ஒரு முடிவுக்கு வந்தது. என்ன ஆனாலும் சரி, இந்த வாரம் தட்டுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆமை கேட்டது, “மூச்சு?”

“இருக்கு!” என்று நீர்க்காகம் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது.

குகை வாசலில் நீல மீன் அதைப் பார்த்ததும் பதறிவிட்டது. “ஐயையோ! வியாழக்கிழமை எங்க சித்தப்பாவை முழுங்குன மூக்கு!”

“ஞாயித்துக்கிழமை நான் யாரையும் தொடுறதில்ல. வேடிக்கை பாக்க வந்திருக்கேன்.”

“அப்பம் வாயை மூடிக்கிட்டுப் பாரு!”

களவா வந்தது. வாயைப் பிளந்தது. நீல மீன் உள்ளே போய், மேல் பல், கீழ்ப் பல், செவுள் என்று எல்லாவற்றையும் கொத்திச் சுத்தம் செய்துவிட்டு வெளியே வந்தது. முதல் தடவையாக மூன்று நண்பர்களும் ஒரு காட்சியை முழுசாகப் பார்த்தன. ஆமைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“மூச்சு?”

“இருக்கு!” என்றது நீர்க்காகம். அந்த ஒரு சொல்லுக்கே ஒரு குமிழி செலவாகிவிட்டது.

“எனக்கும் இருக்கு!” என்றது ஆவுளியா.

“அப்படின்னா குகைக்குள்ளயும் போவோம்! உள்ள சிங்கி இறாலெல்லாம் வரிசை கட்டி நிக்குமாம்!”

குகை இடுக்கானது. உள்ளே போனால் திரும்ப இடம் இல்லை. ஆமை முன்னால் போனது, நீர்க்காகம் நடுவில், ஆவுளியா கடைசியில். ஆவுளியாவின் உடம்பு இரண்டு பக்கமும் பாறையில் உரசியது. ஒவ்வொரு முழத்துக்கும் அது முட்டித் தள்ளித்தான் வர வேண்டியிருந்தது. நீர்க்காகத்துக்கு நெஞ்சு எரிந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

“மூச்சு?” என்று முன்னாலிருந்து ஆமை கேட்டது.

“இருக்கு!” என்றது நீர்க்காகம்.

“இருக்கு!” என்றது பின்னாலிருந்து ஆவுளியா.

அந்தக் குரல் மெலிந்து போயிருந்தது. நீர்க்காகம் திடுக்கிட்டது. தன்னுடைய பொய்க் குரலும் இப்படித்தானே இருந்தது! கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்தது. ஆவுளியாவின் சின்னக் கண்கள் பிதுங்கிக்கொண்டு நின்றன. மீசை நடுங்கியது.

நடந்தது இதுதான். ஆவுளியா ஒரு நாளும் தன் மூச்சைக் கணக்குப் பார்த்ததில்லை. அதற்கு மூச்சு முட்டுவதற்கு முன்பே நீர்க்காகம் தட்டிவிடும். இன்றைக்குத் தட்டு விழவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது என்று ஆவுளியா நினைத்துவிட்டது. இல்லை என்று தெரிந்தபோது வாய்விட்டுச் சொல்ல அதற்கு வெட்கம். போன வாரம் சிரித்தது அதுதானே!

நீர்க்காகத்தின் தலைக்கு மேலே பாறையில் ஓர் ஓட்டை தெரிந்தது. அதன் வழியே வெயில் இறங்கியது. ஒரு நீர்க்காகம் நுழையும் அளவுதான் ஓட்டை. சத்தம் காட்டாமல் போய்விடலாம். மூச்சு தீர்ந்துபோன விஷயம் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் ஆமை சிங்கி இறாலைத் தேடிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டே இருக்கும், ஆவுளியா பின்னால் மூச்சில்லாமல் சிக்கிக்கொள்ளும்.

‘டொக்! டொக்! டொக்!’

“அண்ணாச்சி! எனக்கு மூச்சு இல்ல! எப்பவோ தீந்துபோச்சு! பொய் சொன்னேன்! அக்காவுக்கும் இல்ல!”

“நீ ஓட்டை வழியா மேல போ! அவளை நான் பாத்துக்கிடுதேன்!” என்று ஆமை கத்தியது.

நீர்க்காகம் மேலே வந்து விழுந்தது. இரைக்க இரைக்க மூச்சு வாங்கியது. சுற்றிலும் பார்த்தது. கடல் வெறுமனே கிடந்தது. ஒரு மூக்கும் வெளியே வரவில்லை. “வாசல்லயே தட்டியிருக்கலாமே! வாசல்லயே தட்டியிருக்கலாமே!” என்று அது வாய்விட்டு அழுதது.

கீழே ஆமை திரும்ப வழியில்லாமல், பின்பக்கமாகவே நீந்தி, தன் முதுகோட்டின் விளிம்பால் ஆவுளியாவின் முகத்தை முட்டி முட்டி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மெதுவான வேலை. பாதி வழியில் ஆவுளியா அசைவதை நிறுத்திவிட்டது. ஆமை தள்ளுவதை நிறுத்தவில்லை.

கடைசியில் ஒரு சாம்பல் நிற மூக்கு தண்ணீருக்கு மேலே வந்தது. அது மூச்சு விடவில்லை. நீர்க்காகம் அதன் முதுகில் போய் உட்கார்ந்து, “அக்கா! அக்கா!” என்று சிறகால் அடித்தது. ஆவுளியா ஒரு பெரிய தும்மல் போட்டது. அதன் பிறகுதான் மற்ற இரண்டுக்கும் உயிர் வந்தது.

ஆமை கோபமாகக் கேட்டது. “ஏன்ல தட்டல?”

“நீங்க சிரிப்பீகன்னுதான், அண்ணாச்சி.”

“நீ ஏன் தட்டல, பாசிமணி?”

“போன வாரம் இவனைப் பாத்து நான்தான சிரிச்சேன்? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் தட்டுவேன்?” என்றது ஆவுளியா. அதன் மூஞ்சி அப்போது நன்றாக வீங்கியிருந்தது.

ஆமை சொன்னது, “புளியங்கொட்டைன்னு சொன்னது நான். நான் அதைச் சொல்லாம இருந்திருந்தா, நீங்க ரெண்டு பேரும் தட்டியிருப்பீக.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆமை வழக்கம்போலக் கேட்டது, “மூச்சு?”

“கொஞ்சந்தான் இருக்கு, அண்ணாச்சி” என்றது நீர்க்காகம்.

“எனக்கு மூக்கு வலி. எனக்கும் கொஞ்சந்தான்” என்றது ஆவுளியா.

“சரி, கொஞ்சத்துக்குள்ள பாத்துட்டு வருவோம்” என்றது ஆமை.

களவா வந்து வாயைப் பிளந்தது. நீல மீன் தலையை உள்ளே விட்டது. ‘டொக்!’ அன்றைக்குத் தட்டியது ஆவுளியா. யாரும் சிரிக்கவில்லை. மூன்றும் சேர்ந்து மேலே கிளம்பின.

நீல மீன் களவாவின் வாயிலிருந்து தலையை நீட்டிச் சொன்னது, “மூச்சு வாங்கிட்டு வாங்க! இன்னும் மேல் பல்லே முடியல!”

இல்லாததை இருக்கிறது என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றப் பார்ப்பவர், தம்மை நம்பிக் கூட வந்தவரையும் சேர்த்தே ஆபத்தில் மாட்டிவிடுவார்.