வினிஃப்ரெட் ஏன் மயங்கினாள்

இசக்கியம்மாளைக் கிளாசுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு குணசீலன் சார் நேராக ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

அவள் செய்தது ஒன்றுதான். சிரித்துவிட்டாள்.

விக்டோரியா ராணி காலத்து ஆங்கில நாவல் ஒன்றை சார் நடத்திக்கொண்டிருந்தார். அப்பாவின் மில் நொடித்துப்போன சேதி வருகிறது. மகன் எட்மண்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். மகள் வினிஃப்ரெட் எம்பிராய்டரியைக் கீழே போட்டுவிட்டு மயங்கிச் சாய்கிறாள். அவள் சாய்வது இது முதல் தடவையும் இல்லை. இதுதான் பெண்மையின் மென்மை என்று சார் விளக்கிக்கொண்டிருக்கும்போது சிரிப்புச் சத்தம் வந்தது.

வேறு சமயமாக இருந்தால் விட்டிருப்பார். ஆனால் டவுனில் ஒரு காலேஜ் அந்த நாவலைப் பற்றிப் பேச்சுப் போட்டி வைத்திருந்தது. பள்ளிக்கு ஒரே ஆள். ஜெயித்தால் அங்கேயே ஃபீஸ் இல்லாமல் சீட். இசக்கிக்குப் போக ஆசை. அவள் வீட்டில் அண்ணன் காலேஜுக்குப் போகிறான். பிளஸ் டூ முடிந்ததும் இவளுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி என்று பேசி முடித்தாயிற்று. சீட் கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் பனியன். இதெல்லாம் தெரிந்தும் இந்தப் பிள்ளை இப்படிச் சிரிக்கிறதே என்றுதான் அவருக்குக் கோபம்.

ஹபீபா டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். அவர்தான் சாருக்கு குரு. சார் அதைக் கிண்டலாகச் சொல்வதில்லை. கிண்டலாகச் சொல்கிறவர்களும் உண்டு. சார் வரலாற்று வாத்தியார். ஆங்கில வாத்தியார் மாறுதலில் போனதும் அந்த வகுப்பை இவர் தலையில் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து மத்தியானந்தோறும், கீழ் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிற, தன்னைவிட ரொம்ப இளையவரான டீச்சரிடம் பாடம் கேட்டுக்கொண்டு போய்த்தான் நடத்துகிறார். சிஷ்யனுக்கு வழுக்கை, குருவுக்கு நரைகூட வரவில்லை என்று பையன்கள் பேசிக்கொள்வார்கள். சார் அதற்கெல்லாம் வெட்கப்படுகிற ஆள் இல்லை.

ஒரே கஷ்டம், சந்தேகம் கேட்டால் டீச்சர் நேராகப் பதில் சொல்லமாட்டார்.

“ஒரு சந்தேகம், டீச்சர்.”

“கேளுங்க சார்.”

“பொம்பளைப் பிள்ளைங்க நல்லாப் படிக்குது. மனப்பாடம், கையெழுத்து எல்லாம் சுத்தம். ஆனா ஒண்ணுகூட தானா யோசிச்சு ஒரு வார்த்தை சொல்லாது. பையங்க தப்போ சரியோ பேசுதானுவ. இதுங்க தலையைக் குனிஞ்சுக்கிடும், இல்லைன்னா சிரிக்கும். நாவல்ல போட்டிருக்கது நெசந்தானோ?”

“என்ன போட்டிருக்கு?”

“பொண்ணுன்னா இப்படித்தான், ஆணுன்னா இப்படித்தான்னு.”

டீச்சர் ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாயும் சாப்பிட்டார்.

“இசக்கி ஏன் சிரிச்சா?”

“தெரியலை.”

“கேக்கலையா?”

சார் கேட்கவில்லை.

“சரி. நாளைக்கு ரெண்டு பக்கத்தையும் மாத்தி உக்கார வைங்க. பையங்க இடத்துல பிள்ளைங்க, பிள்ளைங்க இடத்துல பையங்க. பாடத்தை எப்பவும் போல நடத்துங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்லை. குழம்பு ஊத்திக்கிடுங்க.”

மற்றப் பள்ளிக்கூடங்கள் மாதிரிதான் அங்கேயும். சாருக்கு இடது பக்கம் பையன்கள், வலது பக்கம் பெண்கள், நடுவே நடக்க வழி. மறுநாள் மாறி உட்காரச் சொன்னதும் ஒரே கூச்சல். பையன்கள் பெஞ்சில் காம்பஸால் கீறி வைத்திருந்த பெயர்களைப் பெண்கள் சத்தமாக வாசித்தார்கள். முதல் ரேங்க் எடுக்கிற ஜெர்வின், இந்தப் பக்கத்து பெஞ்சு குட்டையாக இருக்கிறது, கால் முட்டுகிறது என்று முறையிட்டான்.

சார் எப்பவும் போல நடத்தினார். அதில்தான் மாட்டிக்கொண்டார்.

நடத்தும்போது அவர் கண் புத்தகத்தில் இருக்கும், கை தானாக நீளும். சத்தமாக வாசிக்கச் சொல்ல வலது கை வலது பக்கம் போகும். ‘ஏன்?’ என்று கேட்க இடது கை இடது பக்கம் போகும். இத்தனை வருஷமாகப் போய்ப் பழகின கைகள். ஆட்கள் மாறி உட்கார்ந்திருப்பது அவற்றுக்குத் தெரியாது.

வலது கை நீண்டது. ஜெர்வின் எழுந்து வாசித்தான். அடுத்த பத்தியை அடுத்த பையன் வாசித்தான்.

இடது கை நீண்டது. “மில் போச்சுன்னு தெரிஞ்சதும் எட்மண்ட் கிளம்புதான். வினிஃப்ரெட் மயங்குதா. ஏன்?”

நிமிர்ந்தால் எதிரே பெண்கள். கேள்வி வாயைவிட்டுப் போய்விட்டது, இனித் திருப்பி வாங்கவா முடியும்? பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். பையன்கள் பக்கம் திரும்பிவிடலாமா என்று சாருக்குத் தோன்றியது. எப்பவும் போல நடத்தச் சொன்னது ஞாபகம் வந்தது. பையன்களிடம் ‘ஏன்’ கேட்டால், எவனாவது பதில் சொல்லும்வரை அவர் நகரமாட்டார். இப்போதும் நகராமல் நின்றார்.

இசக்கி எழுந்தாள்.

“அவ மயங்குனாத்தான் சார் அந்த வீட்டுல அவளைத் திரும்பிப் பாக்காங்க.”

“புரியும்படியாச் சொல்லு.”

“மில்லை என்ன செய்யன்னு எட்மண்டுகிட்ட அப்பா கேக்காரு, வக்கீலும் கேக்காரு. வினிஃப்ரெட்கிட்ட புஸ்தகம் பூரா யாரும் ஒண்ணும் கேக்கலை. கீழ விழுந்தப்புறம்தான் ஓடியாந்து, என்னம்மா ஆச்சுன்னு கேக்காங்க. நானா இருந்தாலும் விழுவேன். நேத்து அதை நெனச்சுத்தான் சார் சிரிச்சேன்.”

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, அதெல்லாம் இல்லை, அவள் நிஜமாகவே மயங்குகிறாள், காலையிலிருந்து அவள் சாப்பிட்டதாகக் கதையில் எங்கேயுமே வரவில்லை என்றாள். இன்னொருத்தி, அவளுக்குக் கட்டுகிற மாதிரி மூச்சு முட்ட இடுப்பை இறுக்கிக் கட்டிவிட்டால் எட்மண்டும்தான் மயங்குவான் என்றாள். அப்புறம் யார் எதைச் சொன்னது என்றே தெரியவில்லை, அவ்வளவு சத்தம்.

பெல் அடிக்கப்போகிற நேரத்தில் ஜெர்வின் எழுந்தான்.

“சார், நாங்க வாசிச்சுக்கிட்டே இருக்கோம். எங்களை ஒண்ணுமே கேக்கமாட்டேங்கீங்க.”

இத்தனை வருஷத்தில் ஒரு பெண்கூட அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அவன் ஒரே பீரியடில் சொல்லிவிட்டான்.

மத்தியானம் சார் குருவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். தன் கைகளைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டார்.

“நாவல் எழுதினவரு பெரிய ஆளுதானே, டீச்சர். அவராவது வினிஃப்ரெட்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“அவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு சார். இனி அவரால ஒரு வரி மாத்த முடியாது. உங்களுக்கு நாளைக்கும் ஃபர்ஸ்ட் பீரியட் இருக்கு.”

சார் எழுந்து தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

அங்கே போட்டிக்கு ஜெர்வின் என்று முன்பே முடிவாகியிருந்தது. முடிய இருட்டிவிடும், பையன் என்றால் தானாக பஸ் ஏறி வந்துவிடுவான், பெண்ணை யார் கூட்டிக்கொண்டு வருவது என்று தலைமையாசிரியர் கேட்டார். இசக்கி போகட்டும், கூட ஹபீபா டீச்சரும் நானும் போகிறோம் என்றார் சார். அவள் வகுப்பில் சொன்னதையும் அப்படியே சொன்னார்.

தலைமையாசிரியர் மேஜையைத் தட்டி ரசித்தார். கெட்ட மனுஷர் இல்லை.

“பிரமாதம் சார். அந்தப் பிள்ளைக்குக் கையெழுத்தும் நல்லா இருக்கும்லா. சொன்னதை அப்படியே எழுதச் சொல்லி ஜெர்வின்கிட்ட குடுத்துருங்க. அவன் பேசிக்கிடுவான். இப்பவே போய் வாங்கிட்டு வந்துருங்க.”

சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கக் குனிந்தார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தார்.

குணசீலன் சார் எதிர் நாற்காலியில் நகராமல் உட்கார்ந்தே இருந்தார்.