நாலு விரல் பாலம்

நிலநடுக்கம் வரப்போவது விலங்குகளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று மனிதர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. படித்தவர்களே நம்புகிறார்கள். இந்தப் பெரும் பிழையைத் திருத்தாமல் கதையை ஒரு வரிகூட நகர்த்த முடியாது. விலங்குகளுக்கு அப்படி எதுவும் தெரியாது. தெரியும் என்று அவையும் நம்புகின்றன, அவ்வளவுதான்.

ஏழிலைக் காட்டில் விலங்குகளின் பெருநகரம் ஒன்று இருந்தது. நடுவில் ஆறு. வடகரையில் வீடுகள், தென்கரையில் சந்தையும் பள்ளிக்கூடமும். இரண்டையும் ஒரு பழைய கல்பாலம் சேர்த்தது. ஆற்றுக்குள் ஐந்து தூண்கள், தூணுக்குத் தூண் நீண்ட கற்பலகைகள். பலகையைத் தூணோடு பிணைக்க ஒன்றுமே கிடையாது. தன் கனத்தாலேயே அது கிடந்தது. நூறு வருடமாக அப்படித்தான்.

பாலத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கோமளம் என்ற உடும்புக்கு. அந்தப் பெயரை வைத்தவர்கள் அவள் முதுகைத் தடவிப் பார்த்திருக்க மாட்டார்கள். கல் இடுக்குகளில் முளைக்கும் அரசங்கன்றுகளைப் பிடுங்குவாள். மூன்றாம் தூணில் இருந்த ஒரு பொந்தில் குடியிருந்தாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் தரை லேசாக அதிர்ந்தது. பானைகள் கலகலத்தன. "எங்கோ இடி!" என்றது ஊர். கோமளம் மட்டும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பாலத்தின் அடியைப் பார்த்தாள். மூன்றாம் தூணில் கற்பலகை நகர்ந்திருந்தது. இப்போது அது தூணின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தது நாலே நாலு விரல் அகலம்.

அவள் தலைக்கு மேலே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாற்பது பேர் குதித்துக்கொண்டு போனார்கள். கோமளம் எண்ணினாள். பிறகு ஊர் மன்றத்துக்கு ஓடினாள்.

மன்றத்தின் தலைவர் ஒரு யானை. இரண்டு கற்களின் மேல் வைத்த பெரிய பலகைதான் அவருக்கு ஆசனம். வலப்பக்கம் ஆலோசகர் நரி. ஆசனத்தின் நுனியில் ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி.

"தலைவரே, பாலத்தைப் பலப்படுத்த வேண்டும். பத்து நாள் போதும். இன்னொரு தடவை பூமி ஆடினால் பலகை ஆற்றுக்குள் போய்விடும்!" என்றாள் கோமளம்.

"நூறு வருடமாக நிற்கிற பாலம், அம்மா!" என்றது யானை.

"நூறு வருடம் நின்றதால் வயதுதான் நூறு ஆகியிருக்கிறது, ஐயா. பலம் நூறு ஆகவில்லை."

நரி எழுந்தது. "தலைவரே, இவள் குடியிருப்பது எங்கே? பாலத்தடியில்! தன் வீட்டுக் கூரையைப் பழுதுபார்க்க ஊரையே வேலைக்குக் கூப்பிடுகிறாள்!"

மன்றம் சிரித்தது.

"கூரை விழுந்தால் அடியில் நான் ஒருத்தி. மேலே நாற்பது பிள்ளைகள். அதில் இரண்டு உன்னுடையது," என்றாள் கோமளம்.

நரி தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "பிள்ளைகளுக்கு என்ன ஆபத்து? நம் பல்லியார் இருக்கிறாரே! பூமி ஆடுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். எல்லோரும் பாலத்தைவிட்டு இறங்கிவிடலாம். பல்லியார் சொல்வதை ஊருக்கு விளக்க ஓர் அதிகாரி வேண்டும். சிரமம்தான், ஆனாலும் நானே இருந்துவிடுகிறேன்."

"மூன்று நாழிகைக்கு முன்பே சொல்வேன்!" என்றது பல்லி.

"ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி," என்றாள் கோமளம்.

"அது நான் இல்லை! என் சித்தப்பா!" என்று பல்லி சீறியது.

பேச்சில் நரியை வென்றவர்கள் யாரும் இல்லை என்பது கோமளத்துக்குத் தெரியும். மெல்லத் தலைவரின் ஆசனத்துக்குப் பின்னால் போனாள். வாலைச் சுழற்றி, பலகைக்கு முட்டுக் கொடுத்திருந்த கற்களில் ஒன்றை ஓங்கி அடித்தாள். கல் நாலு விரல் விலகியது. பலகை சரிந்தது. யானை தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. பல்லி பறந்துபோய்க் குடிதண்ணீர்ப் பானைக்குள் விழுந்தது.

"பல்லியாரே, மூன்று நாழிகைக்கு முன்பே சொல்லியிருக்கலாமே?" என்று கோமளம் பானைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

யானை எழுந்து பின்புறத்துத் தூசியைத் தட்டிக்கொண்டது. அதற்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அது நல்ல யானை. வலி வந்தால் யோசிக்கும்.

"இது விழாமல் இருக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டது.

"தூணின் தலையில் கல் வைத்து அகலப்படுத்தலாம். பலகை நகர்ந்தாலும் உட்கார இடம் இருக்கும். தூணின் இடுப்பைச் சுற்றி மூங்கில் பட்டை கட்டலாம். பலகையைத் தூணோடு கயிற்றால் பிணைக்கலாம். ஆனால் இறுக்கக் கூடாது. இறுக்கினால் அறுந்துவிடும். கொஞ்சம் விட்டுப் பிடிக்க வேண்டும்."

"பிள்ளை வளர்ப்பது மாதிரி," என்றது யானை.

வேலை நடந்தது. யானை கல் சுமந்தது. குரங்குகள் பனைநாரில் தங்கள் வால் கனத்துக்குக் கயிறு திரித்தன. பத்தாம் நாள் ஒவ்வொரு பலகைக்கும் பக்கத்துக்கு ஒன்றாகக் கயிறு கட்டி முடிந்தது. பல்லியின் பதவியையும் யாரும் பறிக்கவில்லை. ஊர் மன்றங்களில் புதியது வந்தால் பழையதைத் தூக்கி எறியும் வழக்கம் இல்லை.

அதன்பிறகு பூமி ஆடவே இல்லை. பங்குனி போனது. சித்திரை போனது. தேன் திருவிழாவும் நல்லபடியாக முடிந்தது.

"பார்த்தீர்களா! பத்து நாள் முதுகொடிந்ததுதான் மிச்சம். பாலம் கட்டுப்போட்ட கால் மாதிரி இருக்கிறது. அந்தக் கயிறுகளை அவிழ்த்தால் பிள்ளைகளுக்கு அருமையான ஊஞ்சல் கட்டலாம்!" என்று நரி வீடுவீடாகச் சொன்னது.

ஊஞ்சல் என்றதும் ஊர் மயங்கியது. யானையும் தயங்கித் தயங்கி, "சரி, அவிழ்த்துவிடுங்கள்," என்றது.

மறுநாள் காலை நரி பாலத்தில் ஏறியது. முடிச்சை அவிழ்க்கத் தெரியாததால் மூன்றாம் தூணுக்கு மேல் இருந்த கயிற்றைப் பல்லால் கடிக்கத் தொடங்கியது. வடகரையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாகப் பாலத்தில் ஏறினார்கள்.

கோமளம் பொந்திலிருந்து வெளியே பாய்ந்தாள். "பிள்ளைகள் கடந்து போகும்வரையாவது பொறு!"

"நூறு வருடம் நின்ற பாலம், அரை நாழிகை நிற்காதா?" என்றது நரி. கயிறு அறுந்தது.

அப்போதுதான் பூமி ஆடியது.

மாசி மாதத்து ஆட்டம் இதற்குக் கால்தூசி. ஆறு கரையைத் தாண்டித் தெறித்தது. கற்பலகை ஒரு விரல் நகர்ந்தது, இரண்டு விரல், மூன்று, நாலு, ஐந்து! புதிதாக வைத்த கல்லின் மேல் இன்னும் நகர்ந்தது. மறுபக்கக் கயிறு விறைத்து முனகியது. பலகை கோணலாகச் சாய்ந்து விழப் பார்த்தது.

கோமளம் பலகையிலிருந்து தொங்கிய அறுந்த நுனியை வாயால் கவ்வினாள். நாலு கால் நகங்களையும் தூணில் ஊன்றினாள். உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள்? கயிறு இருந்த இடத்தில் இப்போது அவள் இருந்தாள்.

தடுக்கி விழுந்த நரி அவளுடைய வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்கு மேல் தொங்கியது.

"கோமளம்மா! தாயே! விட்டுவிடாதே!"

"ம்," என்றாள் கோமளம். வாயில் கயிறு இருந்தது.

பிள்ளைகள் அழுதுகொண்டு ஓடினார்கள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. கடைசியாக ஓடியவை இரண்டும் நரிக்குட்டிகள். அப்பா தொங்குவதைப் பார்த்ததும் அவை நின்றன. "ஓடுங்கள்!" என்று நரி அலறியது. ஓடின.

ஆட்டம் நின்றது. ஐந்து தூண்களும் நின்றன. பலகை ஏழு விரல் நகர்ந்து, கல்லின் மேல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. யானை வந்து நரியைத் துதிக்கையால் தூக்கிக் கரையில் வைத்தது. கோமளத்தின் தாடையைத் திறக்கத்தான் நெடுநேரம் ஆனது.

நரி அவளருகே வந்து உட்கார்ந்தது. "புதுக் கயிறு திரிக்க நார் எங்கே கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டது.

எல்லாம் அடங்கிய பிறகு, மன்றத்துச் சுவரிலிருந்து பல்லி உரக்கக் கத்தியது: "எச்சரிக்கை! பூமி ஆடப் போகிறது!"

ஆபத்து எப்போது வரும் என அறிய அலைவதைவிட, எப்போது வந்தாலும் தாங்கும்படி நம்மை வைத்துக்கொள்வதே அறிவு.

அடுத்த மாதம் பலன் சொல்ல வரும்படி பக்கத்துக் காடுகளிலிருந்து பல்லிக்கு மூன்று அழைப்புகள் வந்தன. பாலத்தைப் பலப்படுத்தித் தரும்படி கோமளத்துக்கு ஒன்று வந்தது.