காத்தாயி பாடிய ராணியின் ஒப்பாரி

ரொம்ப காலத்துக்கு முன்னால் நெடுங்கரை நாட்டை வீரமாதவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்ததெல்லாம் சட்டம். ராஜா தும்மினால் தெருவுக்குத் தெரு மேளம் கொட்ட வேண்டும் என்று ஒருமுறை சட்டம் போட்டான். அந்த மழைக்காலத்தில் அவனுக்கு ஜலதோஷம் பிடித்து, ஊரே தூங்கவில்லை.

அப்புறம் ராணி இறந்துபோனாள். அதற்குப் பின் ராஜா சிரிக்கவில்லை. அழவும் இல்லை.

அரசவைக் கவிராயர் கீர்த்திவாசர் ராணிக்கு ஒரு ஒப்பாரி கட்டினார். "அரசேஏ" என்று இழுக்காமல் அவருக்குப் பேச வராது. "பொன்னை உருக்கி வார்த்தவளே, பூமிக்கு விளக்கானவளே" என்று தொடங்கும் அந்தப் பாட்டை வெள்ளிக்கிழமைதோறும் சபையில் பாடுவார். ராஜா கல்போல் உட்கார்ந்து கேட்பான். வேறு யாரும் அதைப் பாடிவிடக் கூடாதே என்று கவிராயரே ஒரு சட்டமும் எழுதி வாங்கிக்கொண்டார்: 'ஒருவர் கட்டிய அடியை இன்னொருவர் எடுத்தால், எடுத்தவர் நாக்கு போகும்.' செப்பேட்டில் வெட்டி வாசலில் மாட்டியாயிற்று.

மூன்று வருடம் கழிந்தது. ஒருநாள் ராஜாவின் யானை உப்புத் தெரு வழியாகப் போனது. அங்கே ஒரு சாவு வீடு. பெண்கள் தோளோடு தோள் பிடித்து வட்டமாக உட்கார்ந்திருக்க, உப்பு விற்கும் காத்தாயி பாடிக்கொண்டிருந்தாள். அதே ராகம், அதே தொடக்கம். ராஜா யானையிலிருந்து இறங்கினான். பாட்டு முடியும்வரை தெருவில் நின்றான். அன்று அவன் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை கீர்த்திவாசர் தொண்டையைக் கனைத்ததும் ராஜா கையமர்த்தினான். "வேண்டாம் கவிராயரே. உப்புத் தெருவில் கேட்டேன். அதுதான் பாட்டு. நீர் பாடுவது அதைப் பார்த்து எழுதின நகல் மாதிரி இருக்கிறது."

"நகலா? அரசேஏ, மூலமே என்னுடையது. அவள் திருடி. செப்பேட்டை வாசிக்கச் சொல்லுங்கள்."

வாசித்தார்கள். தன் முத்திரை போட்ட சட்டத்தை ராஜா எப்படி மீறுவான்? காத்தாயியைக் கொண்டுவந்தார்கள். கத்தியோடு ஒரு சேவகனும் வந்து நின்றான்.

"பாடினாயா அம்மா?" என்றான் ராஜா.

"பாடினேன் சாமி. அரண்மனை மதில் ஓரமா உப்பு விக்கையில காதுல விழுந்துச்சு. எங்க தெருவுல சாவுன்னா ஒருத்தி எடுத்துக் குடுப்பா, மத்தவ ஒவ்வொருத்தியும் தான் பறிகொடுத்தவங்கள நெனச்சு ஒரு அடி சேப்பா. சேக்காமப் பாடினா அது வெறும் சத்தம்."

"யார் பாடுவது சத்தம்?" என்றார் கீர்த்திவாசர்.

"உங்களச் சொல்லல சாமி. அப்படித் தோணுச்சுன்னா நான் என்ன செய்ய?"

மந்திரி மருதவாணர் எழுந்தார். அவர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் கேட்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். அவ்வளவு நிதானம். "அரசே... திருட்டு என்றால்... எது போனது என்று தெரிய வேண்டும். அவள் பாடட்டும். தம் அடி வரும்போதெல்லாம் கவிராயர் கையைத் தூக்கட்டும்."

காத்தாயி தரையில் உட்கார்ந்து தொடங்கினாள். பொன்னை உருக்கி வார்த்தவளே, கை உயர்ந்தது. பூமிக்கு விளக்கானவளே, மறுபடி உயர்ந்தது. பிறகு அவள் குரல் தாழ்ந்தது.

"உலையில அரிசி போட்டேன்
கைப்பழக்கத்துல போட்டுட்டேன்
வடிச்சுப் பாத்த பின்னால
ஒரு ஆள் சோறு கூடிப்போச்சே."

ராஜா முகத்தை மூடிக்கொண்டான். விரல் இடுக்கில் கண்ணீர் வழிந்தது. மூன்று வருடத்தில் முதல் முறை. கீர்த்திவாசர் அதைப் பார்த்தார். மடியில் கிடந்த கை மெல்ல எழுந்தது.

"இந்த அடியும் உங்களுடையதா?" என்றார் மந்திரி.

"இதுதானே பாட்டின் உயிரே. ஓலையில் எழுதும்போது விட்டுப்போயிற்று."

"சரி. எவ்வளவு அரிசி கூடியது?"

"அரண்மனை உலை அல்லவா? ஒரு கலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்."

"உலை வைத்தது யார்?"

"ராணியாரை நினைத்து... யாரோ ஒரு சமையல்காரர்." சபையில் யாரோ இருமினார்கள்.

"நீ சொல் அம்மா. எவ்வளவு?"

காத்தாயி உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். "ஒரு பிடி சாமி. ஆறு வயசுப் பிள்ள வேற எவ்வளவு திங்கும்?"

இப்போது யாரும் இருமவில்லை.

"கவிராயரே," என்றான் ராஜா, "சட்டம் நீர் எழுதியதுதான். அடுத்தவர் அடியை எடுத்தவர் நாக்கு போகும்."

கீர்த்திவாசர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். காத்தாயிதான் பேசினாள். "அவர விட்டுடுங்க சாமி. என் பிள்ள போயி ரெண்டு வருசம் எனக்கு அழுகையே வரல. அவரு பாட்டக் கேட்ட அன்னிக்குத்தான் வந்துச்சு. எடுத்துக் குடுத்தவரு அவருதானே."

ராஜா செப்பேட்டை உருக்கச் சொன்னான். காத்தாயிக்குச் சபையில் ஆசனம், மந்திரிக்கு முத்துமாலை. கீர்த்திவாசருக்குத் தண்டனை ஒன்றுதான்: உப்புத் தெருவில் சாவு விழுந்தால் தரையில் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்க வேண்டும், மீதி அடிகளைப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சபையிலேயே உப்புத் தெருப் பெண்களின் வட்டம் கூடியது. கீர்த்திவாசர் எடுத்துக்கொடுத்தார். பெண்கள் ஒவ்வொருத்தியாக அடி சேர்த்தார்கள். ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தான். அவன் முறை வந்ததும் பெண்கள் காத்திருந்தார்கள். ராகத்தில் சேராத குரலில் அவன் பாடினான்.

"பக்கத்துத் தலையணைய எடுக்க வந்தாங்க
அதட்டி அனுப்பிட்டேன், அப்படியே கெடக்கு."

காத்தாயி ஒரு கணம் தயங்கினாள். பிறகு எல்லாரையும் பிடிப்பதுபோல் அவன் தோளையும் பிடித்துக்கொண்டு, அந்த அடியை வாங்கிப் பாடினாள்.