பச்சைக் குறி போட்ட வீடுகள்

“டீச்சர், அடுத்த வருஷம் நாம வருவோமா, மாட்டோமா? அதை மட்டும் சொல்லுங்க.”

இடைத்தேர்தல் முடிவு வந்த ஐந்தாம் நாள் இளவழுதி இப்படிக் கேட்டார். அவர் ஆலங்குறிச்சி ஒன்றியச் செயலாளர். வயது அறுபத்திரண்டு. முப்பது வருடமாகக் கட்சியின் கையில் இருந்த தொகுதி. எம்.எல்.ஏ. இறந்து காலியானது, இப்போது இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஆளுங்கட்சியிடம் போய்விட்டது. பொதுத்தேர்தலுக்கு இன்னும் பதினோரு மாதம்.

சௌந்தரவல்லி டீச்சர் அவரைவிடப் பத்து வயது சின்னவர். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. கட்சியின் வாக்குச்சாவடி முகவர்களுக்கு வாக்காளர் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொடுத்தே டீச்சர் ஆனவர். இளவழுதியும் அவரிடம் படித்தவர்தான்.

டீச்சர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“தலைமை என்ன சொல்லுது?”

“இடைத்தேர்தல்னா ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும், கவலைப்படாதேங்குது.”

“அப்ப கவலைப்படாதீங்க.”

“டிவியில, இது அடுத்த வருஷத்துக்கு ஒத்திகைங்கறான்.”

“அப்ப கவலைப்படுங்க.”

டீச்சரிடம் நேரான பதில் வாங்கியவர் இன்னும் பிறக்கவில்லை. அது தெரிந்தும் வந்திருந்தார், பாவம்.

“விளையாடாதீங்க டீச்சர். அஞ்சு நாளா சோறு இறங்கல. இருபத்தெட்டு வயசுல இந்தக் கொடியைப் பிடிச்சவன் நான். இன்னொரு தடவை நம்ம ஆட்சி வந்து, ஊர்ல வெடி வெடிச்சு, அந்தச் சத்தத்தைக் காதால கேட்டுட்டா போதும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

சொல்லும்போதே குரல் உடைந்தது. மேடைக்குரல் இல்லை அது. அந்த ஏக்கம் நிஜம்.

டீச்சர் கீரையை வைத்துவிட்டுக் கை கழுவி வந்தார்.

“பட்டியல் இருக்கா?”

எப்போதும் இருக்கும். தோள்பையிலிருந்து எடுத்தார். பாகம் அறுபத்தொன்று. டீச்சர் வீடும் அவர் வீடும் வருகிற பாகம். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குறி. நம் ஓட்டு பச்சை. எதிர்க்கிறவர் ஓட்டு சிவப்பு. சந்தேகம் என்றால் நீலம். இந்த முறையைக் கொண்டுவந்ததே டீச்சர்தான்.

“நீல வீட்டுக்குப் போனீங்களா?”

“மூணு தடவை. வேட்பாளரையே கூட்டிக்கிட்டு.”

“சிவப்பு?”

“அதையும் விடல. வாசல்ல நின்னு கும்பிட்டுட்டுத்தான் நகர்ந்தோம்.”

“பச்சை?”

இளவழுதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து நாளில் முதல் சிரிப்பு.

“நம்ம வீட்ல நாமளே போய் ஓட்டுக் கேக்கறதா? நல்ல கூத்து.”

“பச்சை எத்தனை?”

“நானூத்திப் பன்னெண்டு.”

“விழுந்தது?”

“இருநூத்தி எண்பத்தேழு.” சிரிப்பு போய்விட்டது. “நூத்தி இருபத்தஞ்சு துரோகி, டீச்சர். இந்த ஒரு பாகத்துல. அவனுங்க யாருன்னு மட்டும் தெரிஞ்சா…”

“ஒரு ஆளை எனக்குத் தெரியும்.”

நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “யாரு? பேரைச் சொல்லுங்க.”

“வீட்டு எண் பதினாலு.”

விரல் வைத்துத் தேடினார். நாலாம் பக்கம். வீட்டு எண் 14. சௌந்தரவல்லி. பெண். வயது ஐம்பத்திரண்டு. பக்கத்தில் பச்சைக் குறி, கொஞ்சம் அழுத்தமாகவே போட்டிருந்தது.

பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“அவங்களுக்கா போட்டீங்க?”

“யாருக்கும் போடல. போகவே இல்ல.”

“உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருந்தேன்.”

டீச்சர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

“பதினாறு நாள் கதவைத் திறந்தே வெச்சிருந்தேன், செயலாளரே. தினமும் ஆரத்தித் தட்டுல மஞ்சத் தண்ணியை மாத்துவேன். தெருமுக்குல மேளம் கேட்டா முகத்தைக் கழுவிக்கிட்டு வாசலுக்கு வந்துருவேன். பதிமூணாம் நம்பர் வீடு நீலம், உள்ள போய்க் காப்பி குடிச்சீங்க. பதினஞ்சாம் நம்பர் சிவப்பு, நின்னு கும்பிட்டீங்க. நடுவுல என்னைப் பார்த்துக் கையாட்டிட்டுப் போயிட்டீங்க.”

“நீங்க நம்மவங்கன்னுதான்…”

“நானும் அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். கடைசி நாள் சாயங்காலம் மைக் சத்தம் நின்னுபோச்சு பாருங்க, அப்ப அழுகை வந்துருச்சு. இந்த வயசுல, ஓட்டுக் கேக்க ஆள் வரலைன்னு அழுதேன்.”

இளவழுதிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கோபப்படுவதுதான் சுலபமாக இருந்தது.

“இந்தக் குறி போடச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே டீச்சர்!”

“நான்தான். அதனாலதான் வாயைத் திறக்காம இருந்துட்டேன்.”

தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. குடங்கள் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

மனுஷன் கேள்வியை விடுவதாக இல்லை. “அப்ப அடுத்த வருஷம்?”

“உங்க வீட்ல எத்தனை ஓட்டு?”

“நாலு. நான், வீட்ல, பையன், மருமக.”

“என்ன கலர்?”

“என்ன டீச்சர் கேள்வி இது!”

டீச்சர் கீரையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்தால் கிளம்பு என்று அர்த்தம்.

வீட்டுக்கு மூன்று தெரு. இளவழுதி வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

அடுக்களையில் மனைவி வசுமதி அரிசி களைந்துகொண்டிருந்தார். எந்தத் தேர்தல் வந்தாலும் கட்சிக்காரர்களுக்கு அண்டா அண்டாவாகச் சோறு பொங்கிப் போட்டவர். இளவழுதி நிலைப்படியிலேயே நின்றார். உள்ளே போகத் தோன்றவில்லை.

“வசு.”

அப்படிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. வசுமதி திரும்பினார்.

“நீ யாருக்குப் போட்ட?”

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. இதற்கு என்ன பதில் வரும் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

வசுமதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கோபம் எதுவும் இல்லை.

“கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். எத்தனை எலெக்‌ஷன் போயிருச்சு. ஒரு தடவையாவது என்னையும் கேப்பீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

அடுப்பை அணைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க. சொல்றேன்.”