கிழங்குக் கடையும் மரநாயின் கண்ணும்

காடு ஒன்று. அதன் நடுவே ஓர் ஆறு. ஆற்றங்கரையில் விலங்குகளின் சந்தை. இவ்வளவு தெரிந்தால் போதும், குழந்தைகளே. கதைக்கு வருவோம்.

சந்தையின் கோடியில் எதிரும் புதிருமாக இரண்டே கடைகள். ஒன்று மரநாயின் பழக்கடை. மற்றது முள்ளம்பன்றியின் கிழங்குக்கடை. முள்ளம்பன்றியைச் சந்தையே முள்ளியக்கா என்று அழைத்தது. மரநாயை அவளைத் தவிர யாரும் எந்த உறவுமுறை சொல்லியும் அழைத்ததில்லை. பழம் வேண்டுமென்றால் "ஏம்பா" என்பார்கள். வேண்டாமென்றால் அதுவும் இல்லை.

மரநாய்க்கு முதல் வயிற்றெரிச்சல் அதுதான்.

அடுத்தது கூட்டம். கரடி, காட்டுப்பன்றி, குரங்குக் கூட்டம், எல்லோரும் எதிர்க்கடையில் நின்றார்கள். கிழங்கை வாங்கிக்கொண்டு திரும்பும் கரடி, போகிற போக்கில் மரநாயின் நாவற்பழம் ஒன்றை எடுத்து வாயில் போடும். "புளிக்குதே" என்று சொல்லிவிட்டு நடக்கும். காசும் இல்லை, மரியாதையும் இல்லை.

அதனால் மரநாய் என்ன செய்தது? தன் பழங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, எதிர்க்கடையையே பார்த்தது. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அதே வேலை. இன்று என்ன வந்தது, எங்கே அடுக்கினாள், யார் வாங்கினார்கள், எல்லாம் அதற்குத் தெரியும். கருணைக்கிழங்குக் குவியல் கொஞ்சம் உயர்ந்தால் மரநாயின் நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்று ஏறும். அதன் முதுகுக்குப் பின்னால் பழங்கள் கனிந்து, அழுகி, எறும்புகளுக்கு விருந்தாயின. அது திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

அந்த ஆறு நல்ல ஆறுதான். ஆனால் மழைக்காலத்தில் எப்போதாவது புத்தி கெட்டுச் சந்தைக்குள் வந்துவிடும். அதற்காக வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து மலைக் குகையில் ஒரு பெரிய குதிர் வைத்திருந்தார்கள். ஆபத்துக் குதிர் என்று பெயர். ஒவ்வொரு சந்தைநாளும் அவரவர் சரக்கில் கொஞ்சம் அதில் போட வேண்டும். வெள்ளம் யார் கடையைக் கொண்டுபோகிறதோ, அவர்களுக்குக் குதிரிலிருந்து திரும்பக் கிடைக்கும். காவல் யானையம்மாவுடையது.

சும்மா கிடைக்காது. மழை தொடங்குமுன் ஒவ்வொருவரும் கடையைத் திறந்து பக்கத்துக் கடைக்காரருக்குக் காட்ட வேண்டும். அதற்குக் கடை காட்டுதல் என்று பேர். இழந்த பிறகு, பார்த்தவர் வந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சுதான் செல்லும். இழந்தவரின் பேச்சு செல்லாது. ஏனென்றால் இழந்தவரின் நாக்கு கொஞ்சம் நீளும். யானையம்மா நிறைய நாக்குகளைப் பார்த்தவள்.

அந்த வருடம் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மரமேறின. முள்ளியக்கா அதைப் பார்த்தாள். உடனே மேட்டிலிருந்த வேங்கை மரத்தடியில் ஒரு வளை தோண்டினாள். விதைக்கிழங்கை எல்லாம் அங்கே கொண்டுபோய் வைத்தாள். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், ஆறு ஏறினால் தன்னை அந்த மரத்தடியில் தேடும்படி சொல்லிவைத்தாள்.

"தண்ணீர் வருமுன்னே ஓடுகிறாயே, அக்கா" என்று ஒரு குரங்கு சிரித்தது.

"ஓடவில்லை, தம்பி. இன்னொரு கடை போடுகிறேன்."

மரநாயின் காதில் அது விழுந்தது. இருக்கிற கடை போதாதென்று இன்னொன்றா என்று அதன் வயிறு காந்தியது. மேடு தன் கடைக்கும் பக்கம்தான், தானும் ஒரு வளை தோண்டலாம் என்று அதற்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் முள்ளியக்கா நேரே மரநாயிடம் வந்தாள். சந்தைக் கோடியில் அவளுக்குப் பக்கத்துக் கடை அது ஒன்றுதான்.

"அண்ணே, நாளைக்குக் கடை காட்டுகிறேன். வந்து பார்த்துவிடுங்கள். அப்படியே உங்கள் கடையை நானும் பார்த்துவிடுகிறேன்."

மரநாய் யோசித்தது. இவளுக்குக் கடையைக் காட்டினால், பழம் அழுகிக் கிடப்பதைப் பார்ப்பாள். சந்தை முழுக்கத் தெரிந்துபோகும். இவள் கடையைப் பார்த்தாலோ, நாளைக்கு ஒன்று நடந்தால் தானே போய்ச் சாட்சி சொல்லி, எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக் கொடுக்க வேண்டும். இரண்டும் வேண்டாம்.

"எனக்கு நேரமில்லை" என்றது. ஓலைத் தட்டியை இழுத்து மூடியது.

முள்ளியக்கா விடவில்லை. இன்னொரு நாளும் வந்தாள். தனக்காக இல்லாவிட்டாலும் அண்ணனுடைய சரக்குக்காகவாவது ஒரு நடை பார்க்கச் சொன்னாள். மரநாய் தட்டிக்கு உள்ளேயிருந்தே பதில் சொன்னது.

"உன் கடையை நீ பார். என் கடையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அவள் போனதும் தட்டியின் ஓட்டை வழியாக எதிர்க்கடையைப் பார்க்க ஆரம்பித்தது.

வெள்ளம் வந்தது. எல்லோரும் மலைக்கு ஓடினார்கள். ஆறு சந்தைக்குள் புகுந்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாத சேற்றை விட்டுவிட்டுப் போனது.

தண்ணீர் வடிந்த கையோடு முள்ளியக்கா வேங்கை மரத்தடியில் சின்னதாகக் கடை விரித்தாள். கொஞ்சம் கிழங்குதான். ஆனாலும் கடை திறந்திருந்தது. பிறகு கீழே வந்து சேற்றைக் கிளறினாள். காயக்கூடியதைப் பாறையில் உலர்த்தினாள். அழுகியதை எறியாமல் ஓர் ஓரமாகக் குவித்து வைத்தாள். யானையம்மா வந்து பார்க்கட்டும் என்றாள்.

"அழுகலுக்கும் கடை போடுகிறாயா?" என்றது மரநாய்.

அது தன் கடையை வேறு விதமாகச் சுத்தம் செய்தது. சேற்றில் ஒட்டிக்கிடந்த சப்பைப் பழங்களை வாலால் கூட்டி ஆற்றில் தள்ளியது. இவ்வளவுதானா சரக்கு என்று யாரும் கேட்கக் கூடாதல்லவா?

யானையம்மா வந்து எல்லாக் கடைகளையும் சுற்றிப் பார்த்தாள். பிறகு எல்லோரும் குகை வாசலில் கூடினார்கள்.

மரநாய் முன்வரிசையில் போய் உட்கார்ந்தது. அதற்கு ஒன்று நன்றாகத் தெரியும். மேட்டில் இருக்கும் விதைக்கிழங்கை வைத்து ஒரு கடையை நிரப்ப முடியாது. குதிரிலிருந்து கிடைக்காவிட்டால் முள்ளியக்கா சந்தையை விட்டுப் போக வேண்டியதுதான். தான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதிரே கடையே இருக்காது. நினைக்கும்போதே இனித்தது.

"முள்ளி, உன் கடையைப் பார்த்தது யார்?" என்று யானையம்மா கேட்டாள்.

முள்ளியக்கா மரநாயைப் பார்த்தாள். மரநாய் வானத்தைப் பார்த்தது.

"நான் எதையும் பார்க்கவில்லையே அம்மா. கூப்பிட்டாள். எனக்கு வேலை இருந்தது."

யானையம்மாவின் காதுகள் மெல்ல அசைந்தன. "பார்த்தவர் இல்லையென்றால் கொடுக்க வழியில்லை, முள்ளி" என்றாள். முள்ளியக்காவின் முட்கள் தாழ்ந்து முதுகோடு ஒட்டிக்கொண்டன. பானை நிறையப் பதநீர் குடித்ததுபோல மரநாயின் வயிறு குளிர்ந்தது.

"சரி, உன் கடை?" என்று யானையம்மா மரநாயின் பக்கம் திரும்பினாள்.

"மொத்தமும் போயிற்று அம்மா."

அதைப் பார்த்தவர் யார் என்று கேட்டாள். முள்ளியக்கா உள்ளதைச் சொன்னாள். கேட்டுப் பார்த்ததாகவும், தட்டி மூடியிருந்ததாகவும், ஒன்றும் கண்ணில் படவில்லை என்றும் சொன்னாள். யானையம்மா மறுபடி மரநாயைப் பார்த்தாள்.

"உனக்கும் சாட்சி இல்லை. இருந்தாலும் உன் வாயால் சொல், கேட்கிறேன். கடையில் என்ன இருந்தது?"

மரநாய் எழுந்து நின்றது. காடே தன்னைப் பார்க்கிறது. தன் கடையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தது. நாவல் இருந்ததா? அது போன மாதமா? விளாம்பழம் எந்த மூலையில்? கண்ணை மூடினால் எதிர்க்கடைதான் வந்து நின்றது.

"நிறைய இருந்தது" என்றது.

"நிறைய என்றால்?"

"எதிர்க்கடையில் இருந்ததைவிட நிறைய."

"எதிர்க்கடையில் எவ்வளவு இருந்தது?"

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது.

"எவ்வளவா? நுழைந்ததும் வலப்பக்கம் கருணைக்கிழங்கு, கூரையை முட்டும். அதை ஒட்டிச் சேனை, ஒவ்வொன்றும் கரடி தலை பெரிசு. வள்ளிக்கிழங்கு வாசல்வரை வழிந்து கிடக்கும், நடக்க இடமிருக்காது. போதாததற்கு மூலையில் ஒரு கூடை தொங்கும். கவலைக்கிழங்கு, பொறுக்கி எடுத்தது, மான் வீட்டாருக்கென்று தனியாக. அத்தனைக்கும் மேலே என்னிடம் பழம் இருந்தது, அம்மா. அத்தனைக்கும் மேலே."

முதலில் அந்தக் குரங்குதான் சிரித்தது. பிறகு கரடி. பிறகு எல்லோரும்.

"பார்க்காத கடையை இவ்வளவு நன்றாகச் சொல்ல உன்னால்தான் முடியும்" என்றாள் யானையம்மா. "முள்ளி, அவன் சொன்னது சரியா?"

முள்ளியக்காவுக்குக் கூச்சமாகப் போயிற்று.

"சரிதான் அம்மா. அந்தக் கூடையை நானே மறந்திருந்தேன்."

"நான் பார்த்த அழுகல் குவியலுக்கும் இது பொருந்துகிறது. பக்கத்துக் கடைக்காரன் சாட்சி சொல்லிவிட்டான். சொன்னபடியே அளந்து கொடுங்கள்."

மரநாய் அப்படியே நின்றது. வாய் மட்டும் மெல்லத் திறந்தது.

"என் கடைக்கு, அம்மா?"

"என்ன பழம் வைத்திருந்தாய்?"

"அத்தி. அத்தி இருந்தது என்று நினைக்கிறேன்."

"நினைக்கிறாயா? கடை யாருடையது?"

மரநாயின் கண் முள்ளியக்காவிடம் போனது.

"வெள்ளம் விட்டுவைத்த மிச்சம் எங்கே? காட்டு."

ஆற்றில் தள்ளிவிட்டதாக மரநாய் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

யானையம்மா பெருமூச்சு விட்டாள். "நீ போட்டதும் இந்தக் குதிரில் இருக்கிறது. கொடுக்க எனக்கும் ஆசைதான். எதை எடுத்துக் கொடுப்பது? உன் சரக்கை அடுத்தவர் பார்க்க விடவில்லை, நீயும் பார்க்கவில்லை, மிச்சத்தையும் வைக்கவில்லை. போய் வா."

மரநாய் மலையை விட்டு இறங்கியது. பாதி வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டது. முள்ளியக்கா கிழங்குச் சுமையோடு அந்த வழியே வந்தாள். நின்றாள். ஒரு கூடையை இறக்கி அதன் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணே, இதை விற்றுக் கடையைத் தொடங்குங்கள். பழம் வந்ததும் திருப்பித் தந்தால் போதும்."

மரநாய் கூடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டது. நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. அவள் நடக்க ஆரம்பித்ததும் கழுத்தை நீட்டி, தனக்குக் கொடுத்தது போக அவளிடம் இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறது என்று எட்டிப் பார்த்தது.

நீதி: பிறர் உடைமையைக் கண்டு பொருமுகிற நேரத்தில் தன் உடைமையைத் தானும் அறியாமல், நாலு பேர் அறியவும் வைக்காதவன், இழந்த பிறகு இன்னது இழந்தேன் என்று சொல்லவும் வழியற்றுப் போவான்.